இருப்பதா, போவதா? கஷ்டமான இடத்தில் ஒரு விசுவாசி எடுக்க வேண்டிய முடிவு

மேலதிகாரி தினமும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார். சபைக்குள் இரண்டு கட்சி. ஆராதனை முடிந்தால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ள மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை. இப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டவர் இரவில் முழங்கால்போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: ஆண்டவரே, நான் இங்கேயே இருக்கணுமா, போய்விடலாமா?

இதற்கு நம் சபைகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "சிலுவையைச் சுமந்துகொள், பொறுத்துப் போ" என்பது ஒன்று. "கர்த்தர் உனக்கு வேறு வாசலைத் திறப்பார்" என்பது இன்னொன்று. இரண்டையுமே நான் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அப்படிச் சொன்னது பெரிய தவறாகப் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன். நான் பார்த்தவரை வழிகள் நான்கு இருக்கின்றன. விட்டுப் போவது, உடம்பை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு இருப்பது, வேர்விட்டு இருப்பது, கொஞ்சக் காலம் விலகித் திரும்பி வருவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விட்டுப் போவது

போவதெல்லாம் அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் சுவிசேஷங்களை மறுபடி வாசிக்க வேண்டும். ஏரோதுக்குப் பயந்து யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இராத்திரியிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள் என்று சீஷர்களுக்குச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23). தேவாலயத்தில் தம்மேல் கல்லெடுத்தபோது அவர் அங்கே நின்று காட்டவில்லை. மறைந்து வெளியே போனார். பவுலைத் தமஸ்குவின் மதில் வழியாகக் கூடையில் வைத்து இறக்கினார்கள். அதை அவர் ஒளிக்காமல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

ஆதிச்சபையின் அனுபவமும் இதுதான். 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் கண்காணியாக இருந்த பொலிகார்ப், தன் மக்கள் வற்புறுத்தியபோது ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கு விலகிப் போனார். அங்கே வீரர்கள் தேடி வந்தபோது இன்னொரு பண்ணைக்கு மாறினார். அங்கேயும் தேடி வந்தபோதுதான் இனி ஓடுவதில்லை என்று நின்றார். அவருடைய இரத்தசாட்சி மரணத்தை எழுதிவைத்த அதே சபை, குவிந்து என்ற ஒருவனைப் பற்றியும் எழுதியிருக்கிறது. அவன் தானாகவே முன்வந்து தன்னை ஒப்புக்கொடுத்தான். மிருகங்களைக் கண்டதும் நடுங்கி மறுதலித்துவிட்டான். இப்படி வலியப்போய் மாட்டிக்கொள்வதை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தச் சபை சொல்கிறது. துன்பத்தைத் தேடிப் போவதும் துன்பத்தில் நிலைத்திருப்பதும் வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சரி, போவதற்கு விலை இல்லையா? இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் வனாந்தரத் துறவி எவாக்ரியுஸ் அந்த விலையை மிக நுட்பமாக எழுதினார். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நடுவில் துறவியின்மேல் ஒரு சோர்வு வந்து உட்காரும். வெயில் நகரவே நகராது. ஒரு பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். அடிக்கடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். இந்த இடம் பிடிக்காமல் போகும், செய்யும் வேலை பிடிக்காமல் போகும், கூட இருக்கும் சகோதரர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றும். கடைசியில் ஒரு பக்தியான யோசனை வரும்: கடவுளை எங்கே வேண்டுமானாலும் ஆராதிக்கலாமே, இந்த இடம்தான் என்று ஏதாவது இருக்கிறதா? சங்கீதம் 91 சொல்லும் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" இதுதான் என்று அந்தத் துறவிகள் புரிந்துகொண்டார்கள்.

என்னை உலுக்கியது அந்தக் கடைசி யோசனைதான். அது சரியான வாக்கியம். தவறான நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடங்களுக்கு விதிகள் எழுதியபோது, ஒரு மடத்தில் மூன்று நாள் இன்னொரு மடத்தில் நான்கு நாள் என்று சுற்றிக்கொண்டே இருந்தவர்களைத்தான் மிகக் கடுமையாகக் கண்டித்தார். மடத்தில் சேருகிறவர் நிலைத்திருப்பேன் என்று பொருத்தனை பண்ண வேண்டும் என்றும் வைத்தார். ஒருவன் தன் கோபத்தையும் பெருமையையும் எதிர்கொள்ள வேண்டிய கட்டம் வருவதற்குச் சற்று முன்னால்தான் இடம் மாறத் தோன்றும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சபை மாறிக்கொண்டே இருக்கிற நம் காலத்தில் இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். மூன்றாவது சபையிலும் அதே சண்டை வரும். போதகர் மட்டும் வேறாக இருப்பார்.

பஞ்சத்தில் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போன எலிமெலேக்கைப் போகிறவர்களுக்கு எச்சரிக்கையாகப் பிரசங்கிப்பதுண்டு. பத்து வருஷத்தில் அவருக்கும் இரண்டு மகன்களுக்குமாக மூன்று கல்லறைகள். ஆனால் அந்த மரணங்கள் அவர்கள் போனதற்குத் தண்டனை என்று ரூத்தின் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. வேதம் சொல்லாததை அவருடைய விதவை நகோமியின்மேல் சுமத்த எனக்குத் துணிவில்லை.

உடம்பு மட்டும் இருப்பது

நான்கு வழிகளிலும் மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன். நான் இரண்டு வருஷம் இதில்தான் இருந்தேன்.

ஒரு வேலையிடத்தில் எனக்கு மேலே இருந்தவர், நான் செய்த வேலையைத் தன் பெயரில் காட்டிக்கொள்வார். தவறு வந்தால் என் பெயரைச் சொல்வார். நான் போகவில்லை. பொறுமையாக இருக்கிறேன் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன், ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகக்கூடச் சொன்னேன். உள்ளே நடந்தது வேறு. அவர் சறுக்கும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வேலையைப் பாதி மனதோடு செய்தேன். வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். வெளியே பார்த்தால் நிலைத்திருப்பவன். உள்ளே ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டவன்.

இதற்கு வேதத்தில் ஒரு படம் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களைப் பற்றி இரண்டு தீர்க்கதரிசிகள் இரண்டு கணக்குச் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்றான் அனனியா. எழுபது வருஷம் என்றார் எரேமியா. இரண்டு வருஷம் என்று நம்புகிறவன் மரம் நடமாட்டான், அக்கம்பக்கத்தாரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளமாட்டான். கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பான். எரேமியாவின் கடிதமோ இப்படிப் போகிறது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், உங்களைச் சிறையாகக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று நாம் சுவரில் மாட்டுகிற வசனம் (எரேமியா 29:11) அந்த எழுபது வருஷக் கணக்குக்கு அடுத்த வரி. நான் வேலையிடத்தில் அனனியாவின் கணக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

வேர்விட்டு இருப்பது

புதிய ஏற்பாட்டில் நாம் பொறுமை என்று வாசிக்கும் பல இடங்களில் கிரேக்கத்தில் ஹுப்போமொனே என்ற சொல் இருக்கிறது. கீழே தங்கியிருத்தல் என்று அதைப் பிரிக்கலாம். திராட்சச்செடி உவமையில் இயேசு "என்னில் நிலைத்திருங்கள்" என்று சொல்வதும் அதே வேர்ச்சொல்தான். தமிழும் இதற்கு நன்றாகவே ஒத்துவருகிறது. பொறை என்றால் சுமை. பொறுப்பது என்றால் சுமப்பது. பொறுமை என்பது சுமையைக் கீழே போடாமல் அதன் அடியில் இருப்பது. அந்த நேரத்தில் கை சும்மா இருப்பதில்லை, தோளும் சும்மா இருப்பதில்லை.

இதற்கு நான் எப்போதும் திரும்பிப் போவது ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்துக்கு. தேசத்தில் பஞ்சம். ஈசாக்கின் தகப்பன் ஆபிரகாம் இதேபோல ஒரு பஞ்சத்தில் எகிப்துக்குப் போனவர். ஈசாக்குக்கோ, எகிப்துக்குப் போகாதே, நான் சொல்லும் தேசத்தில் குடியிரு என்று கர்த்தர் சொல்கிறார். இருந்தான். சும்மா இருக்கவில்லை, பஞ்சத்தில் விதை விதைத்தான். அந்த வருஷத்தில் நூறு மடங்கு விளைந்தது. கையில் மிச்சமிருக்கும் தானியத்தைச் சாப்பிடாமல் காய்ந்த மண்ணில் போட எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாம் பெரும்பாலும் இந்த நூறு மடங்கோடு நிறுத்திவிடுகிறோம். அதிகாரம் நிற்பதில்லை. ஈசாக்கு தங்கிய இடம் பெலிஸ்தரின் கேரார். அங்கே இருந்தபோதுதான் அவன் உயிருக்குப் பயந்து தன் மனைவியைச் சகோதரி என்று பொய் சொன்னான். ஆகவே, தேவன் சொன்ன இடத்தில் இருப்பதாலேயே ஒருவன் பரிசுத்தனாகிவிடுவதில்லை. அப்புறம், பெலிஸ்தர் பொறாமைப்பட்டுக் கிணறுகளைத் தூர்த்தார்கள்; எங்களை விட்டுப் போய்விடு என்றான் அவர்களுடைய ராஜா அபிமெலேக்கு. பஞ்சத்துக்கு அசையாத அந்த மனிதன் இப்போது எழுந்து போய்விட்டான். தோண்டிய ஒரு கிணற்றுக்குச் சண்டை வந்தது, ஏசேக்கு என்று பெயரிட்டு விட்டுக்கொடுத்தான். இன்னொன்றுக்கும் சண்டை, சித்னா என்று பெயரிட்டு அதையும் விட்டான். மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பேர் வைத்தான். பஞ்சத்தில் இருந்தவனும் கிணற்றை விட்டுப் போனவனும் ஒரே ஆள், ஒரே அதிகாரம். கஷ்டம் வந்ததால் அவன் போகவில்லை. தனக்குச் சொந்தமானது என்று பிடித்துக்கொண்டு சண்டை போடுவதற்காக அவன் இருக்கவும் இல்லை.

என் மூன்றாவது வருஷம் வேறு மாதிரி இருந்தது. பெரிய தரிசனம் ஒன்றும் வரவில்லை. அந்த மேலதிகாரியின் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் வார்த்தை தொண்டையிலேயே நின்றது. வேலையை, யார் பெயரில் போனாலும், முழுசாகச் செய்தேன். அவரிடம் தனியாகப் போய், இப்படிச் செய்வது எனக்கு வலிக்கிறது என்று ஒருமுறை நேராகச் சொன்னேன். பொறுமை என்பது வாயை மூடிக்கொள்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் பெரிதாக மாறவில்லை. எனக்குத்தான், புகழ் கிடைக்காவிட்டால் நான் யார் என்ற பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அந்தப் பயம் எனக்குள் இருந்ததே அந்த இடம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். பரீட்சை என்று இங்கே சொல்வது சோதித்துப் பார்த்துத் தேறின தன்மையை. இது தானாக ஓடும் இயந்திரம் இல்லை. அதே உபத்திரவம் சிலரைக் கசப்பாக்குவதையும் நாம் பார்க்கிறோம். அதற்கு அடுத்த வசனத்தில்தான் தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருப்பதைப் பவுல் சொல்கிறார். அந்த அன்பை விட்டுவிட்டு உபத்திரவத்தை மட்டும் ஒருவருக்கு மருந்தாகக் கொடுக்கக் கூடாது.

விலகித் திரும்புவது

யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்றார். தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும். இரண்டு தடவை சாப்பிடக் கொடுத்தபின், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனபின்தான் "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வந்தது. அதன்பின் திரும்பிப் போகச் சொன்னார். களைத்துப்போனவரிடம் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்கிற நாம் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

கார்த்தேஜின் கண்காணி சிப்ரியான் 250ஆம் ஆண்டு உபத்திரவத்தில் ஒளிந்துகொண்டார். அங்கிருந்து கடிதங்களால் சபையை நடத்தினார். கோழை என்று பேச்சு வாங்கினார். திரும்பி வந்து, கொள்ளைநோய்க் காலத்தில் மக்களோடு நின்றார். 258இல் அடுத்த உபத்திரவம் வந்தபோது தன் மக்கள் நடுவிலேயே சாக விரும்பினார், அப்படியே செய்தார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1939 ஜூனில் பாதுகாப்பாக நியூயார்க் போய்ச் சேர்ந்து, ஒரு மாதத்துக்குள் ஜெர்மனிக்குத் திரும்பப் புறப்பட்டார். இந்தச் சோதனைக் காலத்தைத் தன் ஜனத்தோடு பகிராவிட்டால், யுத்தத்துக்குப் பின் சபையைக் கட்டுவதில் பங்கெடுக்கத் தனக்கு உரிமை இருக்காது என்பது அவர் சொன்ன காரணம். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். ஒருமுறை விலகினால் எல்லாம் முடிந்தது என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

இந்த ஒப்பீடு பொருந்தாத இடம்

அடிக்கிற வீட்டில் இருப்பவருக்கு மேலே சொன்ன எதையும் தராசில் வைக்க வேண்டாம். அவர் போக வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உதவி கேட்டு, பாதுகாப்பாகப் போக வேண்டும்.

என் தவறு இங்கேதான் நடந்தது. ஐக்கியத்தில் இருந்த ஒரு சகோதரி கணவர் அடிக்கிறார் என்று சொன்னபோது, நான் சாராயின் அடிமைப்பெண் ஆகாரின் கதையை எடுத்தேன். "உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப்போ" என்று கர்த்தருடைய தூதன் சொல்லவில்லையா என்றேன். அவர் திரும்பிப் போனார். அடுத்த மாதம் கை எலும்பு முறிந்து வந்தார். என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஒருவேளை எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் ஆகாரை முழுசாக வாசித்தேன். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் கர்ப்பிணியாக வனாந்தரத்தில் தனியே நின்ற அவளுக்குச் சொன்ன வார்த்தை, 21ஆம் அதிகாரத்தில் அவள் பிள்ளையோடு வெளியேற்றப்பட்டபோது மறுபடி சொல்லப்படவில்லை. அங்கே தேவன் ஒரு துரவைக் காட்டினார். வனாந்தரத்திலேயே பிள்ளையோடே இருந்தார். தாவீதும் சவுலின் ஈட்டிக்கு விலகி விலகி அரண்மனையில் இருந்தவர்தான். பிறகு ஓர் இரவில் ஜன்னல் வழியாக ஓடிப்போனார். ஓடியபின், குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும் அவனைத் தொடவில்லை. பொறுமை தாவீதோடே போனது. அரண்மனையில் விட்டுவிட்டு வரவில்லை. ஒருவர் ஆபத்தை விட்டு விலகும்போது விசுவாசத்தை விட்டு விலகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எதை வைத்து நிறுப்பது

மற்ற சூழ்நிலைகளில், எனக்கு அதிகம் உதவியவை இரண்டு பழைய கடிதங்கள். 429ஆம் ஆண்டளவில் வாண்டல் படைகள் வட ஆப்பிரிக்காவுக்குள் வந்தபோது, ஊழியர்கள் ஓடலாமா என்று ஒனோராத்து என்ற கண்காணி, ஹிப்போ நகரின் கண்காணி அகஸ்தீனிடம் கேட்டார். ஆபத்து ஒருவரை மட்டும் குறிவைத்து, அவர் இல்லாவிட்டாலும் சபையைக் கவனிக்க ஆள் இருந்தால் அவர் போகலாம் என்று அகஸ்தீன் பதில் எழுதினார். பவுலின் கூடையை அதற்கு உதாரணம் காட்டினார். ஆபத்து எல்லாருக்கும் பொதுவாக இருந்து, போக முடியாத மக்கள் அங்கே இருந்தால் ஊழியர் அவர்களை விட்டுப் போகக் கூடாது என்றார். அவரே ஹிப்போவை விட்டுப் போகவில்லை. நகரம் முற்றுகையில் இருக்கும்போது 430 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார்.

அடுத்தது 1527இல் லூத்தர் எழுதியது. விட்டன்பர்க்கில் கொள்ளைநோய். பல்கலைக்கழகம் யேனாவுக்கு இடம் மாறியது. அவரையும் போகச் சொன்னார்கள். மனைவி கத்தரீனா கர்ப்பமாக இருந்த நேரம். ஆனாலும் இருந்தார், வீடே நோயாளிகள் தங்கும் இடமாகியது. அப்படி இருந்தவர், போனவர்களைப் பழிக்கவில்லை. போதகர், அதிகாரி, பெற்றோர், வேறு யாரும் இல்லாத நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர் போன்றவர்கள் கடமையால் கட்டப்பட்டவர்கள். மற்றவர்கள் போகச் சுதந்தரம் உண்டு என்றார். மருந்தை மறுத்து, கவனமில்லாமல் திரிவதை விசுவாசம் என்று சொல்கிறவர்களையும் கண்டித்தார்.

இருவரும் கேட்பது ஒரே கேள்வி: நீ போனால் யார் தனியாக விடப்படுவார்? எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று மட்டும் அளந்துகொண்டிருந்த எனக்கு இது புது அளவுகோலாக இருந்தது. வேலையிடத்தில் என்னை நம்பி இரண்டு இளையவர்கள் இருந்தார்கள். அவர்கள் தனியாக நிற்கத் தேறும்வரை இருந்தேன். நான்காவது வருஷம் வேறு வேலைக்குப் போனேன், மனசாட்சி குத்தவில்லை. படுக்கையில் தாய் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் கேட்காமலே தெரியும். அங்கே எஞ்சியிருப்பது, எலியாவுக்குக் கிடைத்த தூக்கத்தையும் அப்பத்தையும் அந்தப் பிள்ளைக்கு யார் கொடுப்பார் என்பதுதான். சபை செய்ய வேண்டிய வேலை அது.

இருப்பதென்று முடிவு செய்தால் ஒரு தேதி வைத்துக்கொள்வது நல்லது. பெந்தெகொஸ்தே பண்டிகைவரை எபேசுவில் இருப்பேன் என்று பவுல் எழுதினார். பெரிய கதவு திறந்திருக்கிறது, விரோதிகளும் அநேகர் என்று காரணமும் சொன்னார். விரோதிகள் இருப்பது அவருக்குப் போவதற்கான அடையாளமாகத் தெரியவில்லை. அதே நேரம் காலவரையில்லாமல் இருப்பேன் என்றும் அவர் சொல்லவில்லை. தேதி வந்ததும், நீங்கள் நம்பும் முதிர்ந்த விசுவாசி ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். நான் ஜெபிப்பது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா? பொய் சொல்லவோ பிறரை ஒடுக்கவோ இந்த இடம் என்னைப் பழக்குகிறதா? வீட்டில் இருப்பவர்கள் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நடுவில் உள்ள கேள்விக்கு ஆம் என்றால் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1 கொரிந்தியர் 10:13 சோதனையைத் தாங்குவதையும் அதற்குத் தப்பும் போக்கையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது; அடிமையாயிருந்தால் கவலைப்படாதே என்று எழுதிய அதே கை, சுயாதீனனாகக் கூடுமானால் அதையே நாடிக்கொள் என்றும் எழுதியது.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தபின்னும் தராசு சமமாகவே நின்றால்? அகஸ்தீனின் கடிதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. எல்லா ஊழியரும் செத்துவிடக் கூடாது, எல்லாரும் ஓடிவிடவும் கூடாது. யார் இருப்பது, யார் போவது என்று அவர்களுக்குள் தீராவிட்டால் சீட்டுப் போடுங்கள் என்றார். அப்படிப்பட்ட இக்கட்டில் மனிதரைவிடத் தேவன் நன்றாகத் தீர்ப்பார் என்பது அவர் நம்பிக்கை. படை நெருங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில், தானே போகாத ஒரு முதியவர் இதை எழுதுகிறார். சீட்டு விழுந்து புறப்படுகிறவரைக் கோழை என்று சொல்ல அவர் யாருக்கும் இடம் வைக்கவில்லை.